பருத்திமாரிலிருந்து உயிர்க்கரி, தேங்காய்த் தொட்டியிலிருந்து செயலூட்டிய கரி: புதிதாகத் தொடங்குவோருக்கு

மாசி, பங்குனி மாதங்களில் தாராபுரம், உடுமலை வட்டாரங்களில் மக்காச்சோளமும் பருத்தியும் எடுத்து முடிந்த காடுகளில், பொழுது சாய்ந்த பிறகு தீ வைப்பது இன்றும் வழக்கமாக இருக்கிறது. அடுத்த உழவுக்கு நிலம் சுத்தமாக வேண்டும், மாரை, அதாவது அறுவடைக்குப் பின் நிற்கும் காய்ந்த செடித்தண்டை, பிடுங்கி ஓரம் சேர்க்க ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாவதில்லை என்ற நிலையில் உழவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அப்படி எரிக்கும்போது, பயிர் நான்கைந்து மாதமாகக் காற்றிலிருந்து இழுத்துச் சேர்த்த கரிமம் ஏறத்தாழ முழுவதும், தழைச்சத்தில் பெரும்பகுதியும் ஒரு மணி நேரத்தில் புகையாகப் போய்விடுகின்றன. மிஞ்சும் சாம்பலிலும் ஒரு பகுதியைக் காற்று அள்ளிக்கொண்டு போகிறது. அதே மாரை, அதே நெருப்பைக் கொண்டே, மண்ணில் பல நூறு ஆண்டுகள் தங்கக்கூடிய கரியாக மாற்றிவிட முடியும். வேளாண் துறையினர் பயோசார் என்று சொல்வதும் தமிழில் உயிர்க்கரி என்று எழுதப்படுவதும் இந்தக் கரியைத்தான்.

இதுவரை கரி சுட்டே பழக்கமில்லாதவர்கள் முதல் பருவத்தில் ஒரு மண்வெட்டி, சொந்தக் காட்டு மார், இரண்டு பீப்பாய் தண்ணீர் ஆகியவற்றைக் கொண்டு செய்யக்கூடிய முறையை முதலில் விளக்குகிறேன். தேங்காய்த் தொட்டியை (சிரட்டையை)ச் சுடும் முறையையும், அந்தக் கரி ஆலைக்குப் போய்ச் செயலூட்டிய கரியாக, அதாவது தண்ணீர் சுத்திகரிப்பானில் இருக்கும் ஆக்டிவேட்டட் கார்பனாக, மாறுவதையும் அதன் பிறகு சொல்கிறேன். இரண்டும் கரிதான் என்றாலும் இரண்டின் வேலையும் வேறு, விலையும் வேறு, செய்முறையும் வேறு. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் புதியவர்கள் பலர் பணத்தை இழக்கிறார்கள்.

கரி எப்படி உண்டாகிறது

அடுப்பில் எரியும் ஒரு விறகைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். சுடர் விறகின் மேல் ஒட்டிக்கொண்டு எரிவதில்லை. விறகுக்கும் சுடருக்கும் நடுவே நூலளவு இடைவெளி தெரியும். சூடேறிய விறகிலிருந்து வெளிவரும் வாயு காற்றோடு கலந்த பிறகே எரிகிறது என்பதற்கு அந்த இடைவெளிதான் சான்று. வாயு முழுவதும் போனபின் சுடர் அடங்கிச் சிவந்த தணல் மிஞ்சும். தணலைக் காற்றில் விட்டால் சாம்பலாகும், காற்றை அடைத்தால் கரியாகும். கரி சுடும் தொழில் முழுவதும் இந்த ஒரு கணத்தைச் சரியாகப் பிடிப்பதில்தான் இருக்கிறது.

செடியின் உடலில் இருக்கும் பொருள்கள் எல்லாம் ஒரே சூட்டில் பிரிவதில்லை. அரைசெல்லுலோஸ் 220 டிகிரி செல்சியஸ் வாக்கில் சிதையத் தொடங்கும், செல்லுலோஸ் பெரும்பாலும் 315 முதல் 400 டிகிரிக்குள் சிதையும், தண்டுக்கு உறுதி தரும் லிக்னின் மட்டும் மெதுவாக 800, 900 டிகிரி வரை சிதைந்துகொண்டே இருக்கும். அதனால்தான் லிக்னின் மிகுந்த பருத்திமார், துவரைமார், தேங்காய்த் தொட்டி ஆகியவற்றில் கரி கனமாக விழுகிறது. வைக்கோலும் கரும்புச் சோகையும் ஊதினால் பறக்கும் தூளாகப் போகின்றன. காய்ந்த பொருளின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை கரி கிடைத்தால், குழிமுறையில் அது நல்ல விளைச்சல்.

இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையில் சீமைக்கருவேலம் விறகை அடுக்கி, மேலே தழையும் மண்ணும் மூடிப் போடும் கரிமூட்டத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். காற்றை மண் அடைக்கிறது. வாயு எரியாமல் புகையாகவே வெளியேறுகிறது. நாள்கணக்கில் சுற்றுவட்டாரம் மூச்சுத் திணறுவதற்கு அதுவே காரணம். நான் இங்கே சொல்லப்போகும் திறந்த குழிமுறையில் மண்ணுக்குப் பதிலாகச் சுடரே மூடியாக நிற்கிறது. மேலே எரியும் சுடர் உள்ளே இறங்கப் பார்க்கும் காற்றைத் தின்றுவிடுவதால் அடியில் இருக்கும் தணல் சாம்பலாகாமல் கரியாகவே தங்கும், கீழிருந்து எழும் வாயுவும் சுடரைக் கடக்கும்போது எரிந்துவிடுவதால் புகை குறையும். சுவிட்சர்லாந்தின் இத்தாக்கா நிறுவனத்தில் ஹான்ஸ்-பீட்டர் ஷ்மிட் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் 2014ஆம் ஆண்டு வாக்கில் கோன்-டிக்கி என்ற பெயரில் கூம்பு வடிவ இரும்பு உலையாக இதைச் செய்து பரப்பினார்கள். நமக்கு இரும்பு தேவையில்லை; இறுகிய மண்ணில் வெட்டிய குழியே போதும்.

பொருளைத் தேர்வதும் காயவைப்பதும்

விரல் பருமனிலிருந்து மணிக்கட்டுப் பருமன் வரை உள்ள குச்சிகள் குழிக்கு ஏற்றவை. பருத்திமார், துவரைமார், மிளகாய்மார், மரவள்ளிக் குச்சி, மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிர்ச்சக்கை, தென்னை மட்டையின் அடிப்பகுதி, கவாத்து செய்த முருங்கைக் கிளை எல்லாம் நன்றாகச் சுடும். மாட்டுக்குப் போடக்கூடிய தட்டையையும் வைக்கோலையும் கரியாக்குவது எனக்கு உடன்பாடில்லை. மாடு தின்று சாணமாக வருவதே அதற்கான வழி. மூடாக்குக்கு ஆகும் சோகையையும் நிலத்திலேயே விடுங்கள். பருத்திமாரைப் பொறுத்தவரை கரியாக்குவதில் கூடுதல் நன்மை ஒன்று உண்டு. இளஞ்சிவப்புக் காய்ப்புழு அறுவடைக்குப் பின் செடியில் எஞ்சிய காய்களில் தங்கி அடுத்த பருவத்துக்குத் தாவும் என்பதால், மாரைக் காட்டில் விட்டுவைக்காமல் பிடுங்கி அழிக்கும்படி வேளாண் துறை எப்போதும் வலியுறுத்துகிறது. குழியில் போட்டால் புழுவும் அழியும், மாரும் வீணாகாது.

ஈரம்தான் புதியவர்களைக் கெடுக்கும் முதல் பகை. பொருளில் இருக்கும் ஈரம் ஆறில் ஒரு பங்குக்கு மேல் போனால் நெருப்பின் சூடு தண்ணீரை ஆவியாக்கவே செலவாகி, சுடர் தளர்ந்து புகை கிளம்பும். பிடுங்கிய மாரை மூன்று வாரமாவது வெயிலில் குத்துக்குத்தாகச் சாய்த்து வைத்துக் காயவிடுங்கள். ஒடித்தால் வளைந்து நாராகக் கிழிவது காயாத மார், படாரென்று ஒடிவது காய்ந்த மார். வேரில் ஒட்டிய மண்ணைத் தட்டி உதிர்த்துவிடுங்கள். சொட்டுநீர்க் குழாய்த் துண்டு, மூடாக்குப் பிளாஸ்டிக் தாள், நைலான் கயிறு, பெயின்ட் அடித்த பலகை ஆகியவை ஒரு துண்டுகூட உள்ளே போகக் கூடாது. அவை எரியும்போது உண்டாகும் நஞ்சு கரியில் ஒட்டிக்கொண்டு நேராக உங்கள் மண்ணுக்குப் போகும்.

குழி வெட்டிச் சுடுதல்

வைக்கோல் போர், தென்னை ஓலைக் கொட்டகை, மின்கம்பி இவற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி, தலைக்கு மேலே மரக்கிளை இல்லாத இடமாகப் பாருங்கள். மேல்வாய் 5 அடி, அடிப்பாகம் 2 அடி, ஆழம் 3 அடி என்ற அளவில் கூம்பாக வெட்டினால் சுவர் சரியான சாய்வில் அமையும். குழம்புச் சட்டியைப் போல அகலமாக வெட்டாமல், சரிவு செங்குத்துக்குக் கிட்டத்தில் இருக்கும்படி வெட்டுவது முக்கியம். அகலக் குழியில் சுடரால் முழு வாயையும் மூட முடியாது. வெட்டிய மண்ணைக் குழியைச் சுற்றி ஒரு சாண் உயரக் கரையாகக் கட்டினால் பக்கக் காற்றைத் தடுக்கும். கடைசியில் மூடவும் உதவும்.

நெருப்பு வைக்கும் முன்பே தண்ணீர் வந்து சேர்ந்திருக்க வேண்டும். இந்த அளவுக் குழிக்கு 400 முதல் 500 லிட்டர் தேவைப்படும். மின்சாரம் இருக்கும்போது மோட்டார் போட்டுக்கொள்ளலாம் என்று நம்பாமல் இரண்டு பீப்பாய் நிறைய முன்கூட்டியே பிடித்து வையுங்கள். பருத்தித் துணி உடுத்துங்கள், நைலான் சட்டையும் ரப்பர் செருப்பும் வேண்டாம். காற்று சுழன்றடிக்கும் நாளில் தொடங்கவே வேண்டாம். அதிகாலை ஆறு மணிக்குத் தொடங்கினால் காற்று கிளம்பும் முன் முடித்துவிடலாம்.

குழியின் அடியில் காய்ந்த குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக அடுக்கி, முழங்கால் உயரத்துக்கு ஒரு சிறு கோபுரம் எழுப்புங்கள். அதன் உச்சியில் தேங்காய்ப் பன்னாடையோ சோளத்தோகையோ வைத்து, கீழே வைக்காமல் மேலேயே பற்றவையுங்கள். மேலிருந்து இறங்கும் நெருப்பில் வாயு சுடரைக் கடந்தே ஆக வேண்டும் என்பதால் தொடக்கத்திலேயே புகை குறைவாக இருக்கும். கோபுரம் தணலாகிச் சரிந்ததும், அந்தத் தணலை நீண்ட கம்பால் குழியின் அடி முழுவதும் பரப்பிவிட்டு, முதல் அடுக்கு மாரை மெல்லியதாகப் போடுங்கள்.

அடுத்த இரண்டு மூன்று மணி நேரமும் கண்ணுக்குத்தான் வேலை. போட்ட அடுக்கு கொழுந்துவிட்டு எரியும், பிறகு சுடர் தணியும், குச்சிகள் கறுத்துச் சிவக்கும், அதன்பின் அவற்றின் மேல் விபூதி பூசியதுபோல் வெள்ளைப் படலம் ஒன்று படரும். அந்த வெள்ளைதான் அடையாளம்: கரி சாம்பலாகத் தொடங்கிவிட்டது, அடுத்த அடுக்கைப் போடு என்று அது சொல்கிறது. வெள்ளை படரும்முன் அவசரப்பட்டு அள்ளிப் போட்டால் சுடர் அமுங்கிப் புகை எழும், வெள்ளை கனத்த பிறகு போட்டால் கிடைக்க வேண்டிய கரி சாம்பலாகிப் போயிருக்கும். ஐந்து முதல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கட்டு என்ற தாளம் கை பழகிய பிறகு தானாக வந்துவிடும். பருமனான கட்டைகளை நடு அடுக்குகளில் போடுங்கள். கடைசி அடுக்கில் போட்டால் உட்பாகம் வேகாமல் நின்றுவிடும்.

புகையின் நிறத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வது அவசியம். அடர்ந்த வெள்ளைப் புகை ஈரத்தைக் காட்டுகிறது. மஞ்சள் கலந்து கண்ணைக் கரிக்கும் புகை, தார் வாயு எரியாமல் தப்புகிறது என்று பொருள். உடனே கம்பால் கிளறிக் காற்றோட்டம் கொடுத்துச் சுடரை எழுப்புங்கள். புகையே இல்லாமல் குழிக்கு மேலே காற்று மட்டும் கானல்போல் நடுங்கினால் எல்லாம் சரியாக நடக்கிறது. இந்தப் புகையோடு நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடும் கலந்திருக்கும் என்பதால், மழைக்கு ஒதுங்கிக் கொட்டகைக்குள் கரி சுடுவதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

குழி வாயருகே நிறைந்ததும் கடைசி அடுக்கை மெல்லிய குச்சிகளால் முடித்து, அதன் சுடர் தணிந்து முதல் வெள்ளைப் படலம் தெரிந்த நொடியில் அணையுங்கள். தண்ணீரைப் பூவாளியால் ஓரங்களிலிருந்து சுற்றி ஊற்றிக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். நீராவி ஆளுயரத்துக்கு எழும் என்பதால் முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். மேலே கறுத்ததும் அணைந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. மண்வெட்டியால் புரட்டிப் புரட்டி, சுர்ரென்ற சத்தம் அடியோடு நிற்கும்வரை ஊற்ற வேண்டும். தண்ணீர் தட்டுப்பாடான இடத்தில் ஒரு சாண் கனத்துக்கு ஈரமண்ணைப் போட்டு எந்த வெடிப்பும் இல்லாமல் மிதித்து மூடி, இரண்டு முழு நாள் கழித்துத் திறக்கலாம்.

நான் முதல் முறை சுட்டபோது கையால் தொட்டுப் பார்த்துச் சூடில்லை என்று உறுதி செய்துகொண்டே மூன்று சாக்குகளில் கட்டிச் சாளையின் திண்ணையில் அடுக்கினேன். நடுராத்திரி மாடு கத்தும் சத்தம் கேட்டு எழுந்து வந்தபோது நடுச் சாக்கின் அடி முழுவதும் சிவந்திருந்தது. ஒரு கட்டையின் உள்ளே நெல்லளவு தணல் உயிரோடு இருந்திருக்கிறது. காற்றுப்பட்டதும் அது பரவியிருக்கிறது. திண்ணைத் தூண் கருகியதோடு போனது எங்கள் நல்வினை. அன்றிலிருந்து, அணைத்த கரியை வெட்டவெளியில் ஒரு சாண் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, ஒரு முழு பகலும் ஒரு முழு இரவும் கழிந்த பிறகே அள்ளுகிறோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கரி தேறியதா என்று பார்த்தல்

ஒரு துண்டை எடுத்துக் கல்லின் மேல் போட்டால் கண்ணாடிச் சில்லைப் போலக் கிணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாகத் தட்டினால் உள்ளே வேகவில்லை. ஒடித்த முகம் முழுவதும் ஒரே கறுப்பாக, சற்று மினுமினுப்பாக இருக்க வேண்டும். நடுவே தவிட்டு நிறம் தெரிந்தால் அந்தத் துண்டை அடுத்த குழிக்கு ஒதுக்குங்கள். பிறகு தூளை உள்ளங்கையில் தேய்த்து வெறும் தண்ணீரில் கழுவுங்கள். சோப்பு போடாமலே கறுப்பு போய்விட்டால் நல்ல கரி. பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டால் தார் தங்கியிருக்கிறது. சந்தேகம் இருந்தால் இரண்டு தட்டில் மண் எடுத்து, ஒன்றில் மட்டும் பத்தில் ஒரு பங்கு கரித்தூளைக் கலந்து, இரண்டிலும் இருபது இருபது பச்சைப்பயறு ஊன்றி ஒரு வாரம் பாருங்கள். கரி கலந்த தட்டில் முளைப்பு குறைந்தால் அந்தக் கரியை மண்ணுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

உமிக்கு வேறு வழி

நெல் உமி குழிக்கு ஆகாது. காற்றே புகாமல் அமுங்கிப் புகையும். பக்கமெல்லாம் ஆணித்துளை போட்ட தகர டின் ஒன்றைக் கவிழ்த்து, அதன் மேல் ஆளுயரப் புகைக்குழாய் செருகி, டின்னுக்குள் தணல் வைத்துச் சுற்றிலும் உமியை அம்பாரமாகக் குவித்தால், உள்ளேயிருந்து கறுப்பு மெல்ல வெளியே பரவிக்கொண்டு வரும். வெளிப்பக்கத்தில் கறுப்புப் புள்ளிகள் தெரியும்போது புரட்டிக் கொடுத்து, முழுவதும் கறுத்து இன்னும் சாம்பல் பூக்காத நிலையில் தண்ணீர் தெளித்து அணைக்க வேண்டும். பல் துலக்க வீட்டுக்கு வீடு உமிக்கரி செய்த காலத்தில் நம் பாட்டிமார் இதையே சிறு அளவில் செய்தார்கள். உமியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சாம்பல் உண்டு, அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. சூடு மிகுந்து வெளுத்துப் போனால் அந்தச் சிலிக்கா படிகமாகி, மூச்சில் போகும்போது நுரையீரலைக் கெடுக்கும். ஆகையால் கறுப்பிலேயே நிறுத்துங்கள், கையாளும்போது ஈரமாகவே வைத்திருங்கள். நாற்றங்கால் தட்டு நிரப்பத் தென்னைநார்க் கழிவோடு கலக்க உமிக்கரியைப் போல் மலிவானது வேறில்லை.

கரிக்கு ஊட்டம் ஏற்றுதல்

சுட்ட கரியை அப்படியே நிலத்தில் கொட்டிவிட்டு, பயிர் மஞ்சளடித்துவிட்டது என்று உயிர்க்கரியையே வெறுத்தவர்கள் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். காலிக் கரி பசித்த வயிறு போன்றது. மண்ணில் இருக்கும் தழைச்சத்தைத் தன்னிடம் இழுத்துப் பிடித்துக்கொள்வதால் முதல் பருவத்தில் பயிருக்கு எட்டாமல் போகிறது. முதலில் கரியை நிரப்பிவிட்டுத்தான் மண்ணுக்கு அனுப்ப வேண்டும்.

எனக்குத் தெரிந்தவரை இதற்குச் சிறந்த இடம் மாட்டுத் தொழுவம். சுண்டு விரல் நகத்தளவுக்கு இடித்த கரியை மாடு நிற்கும் இடத்தில் தினமும் ஒரு கூடை பரப்பிவிட்டால், கோமியத்தை அது குடித்துக்கொள்ளும், தொழுவத்தின் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி இரண்டு மூன்று நாளில் தணிவதை நீங்களே உணர்வீர்கள். காலையில் சாணத்தோடு சேர்த்து அள்ளிக் குப்பைக்குழியில் போட்டு, நிழலில் ஒரு மாதமாவது மட்க விடுங்கள். மாடு இல்லாதவர்கள் ஒரு பங்கு கரிக்கு ஒரு பங்கு மட்கிய தொழுவுரம் கலந்து, ஜீவாமிர்தமோ (சாணம், கோமியம், வெல்லம் கலந்து புளிக்கவைத்த கரைசல்) சாணக்கரைசலோ தெளித்துப் பிடித்தால் உருண்டையாகும் ஈரத்தில் மூன்று நான்கு வாரம் வைத்தால் போதும். இடிக்கும்போது கரியை நனைத்துக்கொண்டு, சாக்கில் கட்டி மேலே டிராக்டரை ஏற்றினால் தூசும் பறக்காது, கையும் நோகாது.

நிலத்தில் எவ்வளவு, எங்கே

ஆய்வுகளில் ஹெக்டேருக்கு 5 முதல் 20 டன் வரை போட்டுப் பார்க்கிறார்கள். ஏக்கருக்கு 2 டன்னுக்குக் குறையாத அந்த அளவை, ஒரு குழியில் 100 கிலோவைத் தொடாத கரி எடுக்கும் நாம் ஒரே பருவத்தில் எட்ட முடியாது. எட்ட வேண்டியதும் இல்லை. ஏக்கர் முழுவதும் வீசாமல் வேர் இருக்கும் இடத்தில் மட்டும் கொடுங்கள். காய்கறிக் குழிக்கு ஊட்டம் ஏற்றிய கலவை இரண்டு கை, முருங்கைக்கும் எலுமிச்சைக்கும் நடவுக்குழியில் இரண்டு கிலோ, தென்னைக்கு மரத்திலிருந்து நான்கைந்து அடி தள்ளிய வட்டப் பாத்தியில் ஐந்து கிலோ என்று தொடங்கலாம். கரி மட்கிப் போகாது என்பதால் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் சேர்த்தாலே அது தேங்கிக்கொண்டு வரும். அமேசான் காடுகளில் பழங்குடிகள் கரியும் எலும்பும் வீட்டுக்கழிவும் சேர்த்து உருவாக்கிய கறுப்பு மண், ஆயிரம் இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் சுற்றியுள்ள வெளிறிய மண்ணைவிட வளமாக இருப்பதுதான் உலகத்தின் கவனத்தை இந்தப் பக்கம் திருப்பியது.

ஒரு எச்சரிக்கையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மாரையும் கட்டையையும் சுட்ட கரி பெரும்பாலும் காரத்தன்மை உடையது. அதன் கார அமில நிலை (pH) 8 முதல் 10 வரை இருக்கும். நீலகிரித் தேயிலைத் தோட்டம் போன்ற அமில மண்ணுக்கு அது மருந்து. சுண்ணாம்புக் கல் கலந்து ஏற்கெனவே 8ஐத் தாண்டிய கொங்கு நாட்டுக் கரிசலுக்கு அதிகம் போட்டால் இரும்பு, துத்தநாகம் போன்ற நுண்சத்துகள் பயிருக்கு எட்டாமல் போகலாம். மண் பரிசோதனை நிலையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ மண்ணைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, காரமண் என்றால் தொழுவுரத்தின் பங்கைக் கூட்டிக் கரியைக் குறைத்து, முதலில் இரண்டு பாத்தியில் மட்டும் போட்டுப் பக்கத்துப் பாத்தியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உடனே பலன் தெரிவது மணற்பாங்கான செம்மண்ணில்தான்; தண்ணீர் பாய்ச்சி நான்காம் நாள் கரி போட்ட பாத்தியில் கை வைத்தால் ஈரம் தட்டுப்படும்.

தேங்காய்த் தொட்டிக்குப் பீப்பாய்

தெற்கே சிரட்டை என்றும் வடக்கே கொட்டாங்குச்சி என்றும் சொல்வதை இங்கே தொட்டி என்கிறோம். தொட்டிக்கரியை மண்ணில் போடுவது பொன்னை உரமாக இடுவதற்குச் சமம். ஆலைகள் அதைக் காசு கொடுத்து வாங்குகின்றன. இதற்கு 200 லிட்டர் இரும்புப் பீப்பாய் ஒன்று வேண்டும். பூச்சிமருந்தோ ரசாயனமோ இருந்த பீப்பாய் ஆகாது. எண்ணெய் இருந்த மூடிய பீப்பாயை வெல்டிங் சுடரால் வெட்டினால் உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும் என்பதால், உளியால் வெட்டச் சொல்லுங்கள். பெயின்ட் போகுமட்டும் வெட்டவெளியில் ஒருமுறை வெறுமனே எரித்துவிடுங்கள். ஹைதராபாத்தில் உள்ள மத்திய மானாவாரி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் பருத்தி, துவரை, மக்காச்சோளம், ஆமணக்கு மார்களுக்கென்றே பீப்பாய் உலை ஒன்றை வடிவமைத்திருக்கிறது. தொட்டிக்கு நான் சொல்லும் முறை சற்று வேறு.

பீப்பாயின் பக்கச் சுவரில் அடி, நடு, மேல் என்று மூன்று வரிசையாகக் கட்டைவிரல் நுழையும் துளைகள், வரிசைக்கு ஆறு என்ற கணக்கில் போடுங்கள். நாரும் பருப்பும் ஒட்டாத காய்ந்த தொட்டியை உடைத்து, அடியில் சிறிது போட்டுப் பற்றவைத்து, பிடித்ததும் மேலே மேலே நிரப்புங்கள். அடித்துளையில் பார்த்தால் தொட்டி சிவந்து தெரியும்போது அந்த வரிசையைக் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். சிவப்பு நடுவுக்கு ஏறியதும் அதையும், பிறகு மேல் வரிசையையும் அடையுங்கள். கடைசியில் மூடி போட்டு விளிம்பைச் சுற்றிக் களிமண் பூசி, மறுநாள் காலைவரை தொடாதீர்கள். இதைத் தண்ணீர் ஊற்றி அணைக்கக் கூடாது. ஈரக்கரியை ஆலை எடைபோடும்போது கழித்துக்கொள்ளும் என்பதோடு, தார் கலந்த அந்தத் தண்ணீர் நிலத்தில் இறங்கினால் கிணறு கெடும். காங்கேயம், பல்லடம் பக்கம் தொட்டிக்கரி சுடும் இடங்களால் குடிநீர் நிறம் மாறிவிட்டதென்று ஊர் மக்கள் போராடிய வரலாறு உண்டு. அவர்கள் பட்ட துயரம் நம்மால் இன்னொரு ஊருக்கு வந்துவிடக் கூடாது. விற்பனைக்காகப் பெரிய அளவில் சுட நினைப்பவர்கள் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவைப் பெற்ற பிறகே தொடங்க வேண்டும்.

வாங்குபவர்கள் பொதுவாகச் சாம்பல் 2 சதவீதத்துக்குள், ஆவியாகும் பொருள் 15 சதவீதத்துக்குள், நிலைக்கரிமம் (சூட்டில் ஆவியாகாமல் தங்கும் கரிமம்) 75 சதவீதத்துக்கு மேல் எதிர்பார்ப்பார்கள். மண் ஒட்டினால் சாம்பல் கூடும், அரைகுறையாக வெந்தால் ஆவிப்பொருள் கூடும். சிமென்ட் தளத்தில் கொட்டிச் சலித்துத் தூளை நீக்கிக் கொடுப்பதற்கு இதுவே காரணம்.

செயலூட்டிய கரி ஆலையில் எப்படிப் பிறக்கிறது

சாதாரணத் தொட்டிக்கரியில் நுண்துளைகள் இருந்தாலும் அவற்றின் வாயைத் தார் அடைத்துக்கொண்டிருக்கும். ஆலையில் கரியை உடைத்துச் சலித்து, சுழலும் உலையில் 900 டிகிரி வாக்கில் சூடாக்கி, அதன் ஊடே நீராவியைச் செலுத்துகிறார்கள். அந்தச் சூட்டில் நீராவி கரிமத்தோடு வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் பிரியும். அப்படிக் கரிமம் அரித்தெடுக்கப்பட்ட இடமெல்லாம் துளையாகும். ஏறத்தாழ மூன்று டன் கரி அரிபட்டு ஒரு டன்னாகக் குறைந்தால், அந்த ஒரு டன்னின் ஒவ்வொரு கிராமிலும் உள்பரப்பு 1000 சதுர மீட்டர் வரை இருக்கும். ஒரு சிட்டிகைக் கரிக்குள் கால் ஏக்கர் விரிந்து கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் அயோடினைப் பிடிக்கிறது என்ற அயோடின் எண்தான் சந்தையில் பேசப்படும் தரம். நல்ல தொட்டிக் கரிக்கு அது 900 முதல் 1100 வரை வரும். தங்கச் சுரங்கத்தில் கரைசலிலிருந்து தங்கத்தைப் பிடிக்கத் தொட்டிக் கரியே பயன்படுவதற்கு அதன் கடினமும் மிக நுண்ணிய துளைகளும் காரணம். முதல் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிக்காக 1918இல் அமெரிக்க மக்களிடம் பீச் பழக் கொட்டைகளைச் சேகரித்துத் தரும்படி அரசு கேட்டுக்கொண்டதும் இந்தக் கடினத்துக்காகத்தான்.

பாஸ்பாரிக் அமிலம், துத்தநாகக் குளோரைடு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஆகியவற்றில் ஊறவைத்துச் சுடும் ரசாயன முறையும் உண்டு. இணையக் காணொளிகளில் இவற்றை வீட்டு அடுப்பில் செய்து காட்டுகிறார்கள். தயவுசெய்து அதைப் பின்பற்றாதீர்கள். அமில ஆவி, தோலை அரிக்கும் காரம், வெடிக்கும் ஹைட்ரஜன், மணமில்லாத கார்பன் மோனாக்சைடு ஆகிய நான்கும் வீட்டில் வைத்து விளையாடத்தக்கவை அல்ல. எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்த கரியும் செயலூட்டிய கரி ஆகிவிடாது. நாம் சுட்ட எந்தக் கரியையும் குடிநீரில் போடவோ மருந்தாக விழுங்கவோ கூடாது. குடிநீருக்கு ஆகும் கரி, அமிலத்தில் கழுவிச் சோதனை முடித்து வருவது.

இரண்டு கரிக்கும் உள்ள வேற்றுமையைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. மீன்தொட்டிக் கடையில் மெத்திலீன் புளூ என்ற மருந்துப் புட்டி கிடைக்கும். மூன்று கண்ணாடிப் புட்டிகளில் கால் லிட்டர் தண்ணீர் ஊற்றி, மூன்றிலும் அந்த மருந்தைச் சமமாக, நல்ல நீலம் வரும் அளவுக்குச் சில சொட்டுகள் விடுங்கள். ஒன்றைச் சும்மா வைத்து, இரண்டாவதில் உங்கள் குழிக்கரித் தூள் ஒரு தேக்கரண்டி, மூன்றாவதில் பழைய சுத்திகரிப்பான் ஒன்றுக்காக வாங்கிவைத்த புதிய வடிகட்டியிலிருந்து எடுத்து அதே அளவுக்குப் பொடித்த கரி ஒரு தேக்கரண்டி போட்டு, ஐந்து நிமிடம் குலுக்கி, ஒரு இரவு அசையாமல் தெளியவிடுங்கள். காலையில் முதல் புட்டி நீலமாகவே நிற்கும், மூன்றாவது ஏறத்தாழ வெறும் தண்ணீராகியிருக்கும், இரண்டாவது நடுவில் எங்கோ இருக்கும். அடுத்தடுத்த குழிகளில் மாரைக் காயவைக்கும் பக்குவமும் அணைக்கும் நேரமும் கைக்கு வந்த பிறகு, ஒவ்வொரு குழிக் கரியையும் இதே போல் சோதித்து, நீலம் எவ்வளவு வெளிறியது என்பதைத் தேதியோடு நோட்டில் குறித்து வாருங்கள். எந்த மார், எத்தனை நாள் காய்ந்தது, எத்தனை மணிக்கு அணைத்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.